போறனாங்கள்: பழைய வழக்கத்தையும் ஒப்பீட்டையும் ஆங்கிலத்தில் சொல்வது பற்றி

சென்ற மாரியில் ஒருநாள் பின்னேரம் என் மகளின் மகள் ஆங்கில வீட்டுப்பாடத்தோடு எங்கள் குசினி மேசையில் வந்து அமர்ந்தாள். வயது பன்னிரண்டு. அவளும் பேர்கனில் பிறந்தவள், அவளுடைய தாயும் பேர்கனில் பிறந்தவள். நோர்வேஜிய மொழிதான் அவள் யோசிக்கும் மொழி. தமிழ் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதைப்பது. ஆங்கிலம் முதலாம் வகுப்பிலிருந்து படிப்பது. 1997ஆம் ஆண்டின் பாடத்திட்ட மாற்றத்துக்குப் பிறகு இந்நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வயது முதிர்ந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும். அவர் முன்பு எப்படி வாழ்ந்தார், இப்போது எப்படி வாழ்கிறார் என்று ஒப்பிடவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் பூட்டியை, அதாவது என் தாயாரை, அவள் தெரிவுசெய்திருந்தாள்.

முதல் வசனம், பூட்டி விடிய நாலு மணிக்கு எழும்புவது பற்றியது. 'யூஸ்' என்று எழுதி, கடைசியில் 'டி' போடாமல் விட்டிருந்தாள். ஊரில் ஐந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்குச் சிவப்புப் பேனை கையில் தானாக வந்துவிடும். 'டி'யைச் சேர்த்தேன். பிள்ளை விடவில்லை. "அம்மப்பா, யூஸ் ரு எண்டால் ப்ளையர்தானே? பூட்டி இப்பவும் எழும்புறவதானே?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவதற்கு அங்கேயே பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. எம்மில் பலர் முப்பது நாற்பது வருடங்களாகச் செய்துவரும் ஒரு வேலையின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில் இருந்ததால்தான் இந்தக் கட்டுரை. 'அங்கே நாங்கள் இப்படி', 'இங்கேயைவிட அங்கே அப்படி' என்று சொல்வதுதான் அந்த வேலை. அதைத் தமிழில் சொல்லும்போது எமக்கு ஒரு சிரமமும் தெரிவதில்லை. வேறொரு மொழியில் சொல்லவேண்டி வரும்போதுதான், தமிழில் எதைச் சொல்லாமல் விட்டுவைத்திருந்தோம் என்று தெரியவருகிறது.

முதலில் இலக்கணம். நோர்வேஜிய மொழியில் வழக்கத்தைச் சொல்ல ஒரு தனி வினை இருக்கிறது. நிகழ்காலத்தில் அது 'ப்ளையர்', இறந்தகாலத்தில் 'ப்ளைடெ'. இப்போதும் செய்வதென்றால் முன்னது, அப்போது செய்ததென்றால் பின்னது. சுத்தமான ஏற்பாடு. ஆங்கிலத்தில் பின்னது மட்டும்தான் உண்டு. 'யூஸ்ட் ரு' என்பதற்கு நிகழ்கால வடிவம் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது, பதினேழாம் நூற்றாண்டிலும் அதைக் காணலாம். பிறகு அது வழக்கொழிந்து, இறந்தகாலம் மட்டும் தனித்து நின்றுவிட்டது. இப்போதும் செய்யும் ஒன்றை ஆங்கிலேயர் வெறும் நிகழ்காலத்தில், வேண்டுமானால் 'யூஷுவலி' என்ற சொல்லைச் சேர்த்து, சொல்லிவிடுகிறார்கள். நோர்வேஜியர் ஆங்கிலம் கதைக்கும்போது, நன்றாகக் கதைப்பவர்கள்கூட, 'ஐ யூஸ் ரு' என்று நிகழ்காலத்தில் சொல்வது இதனால்தான். 'ப்ளையர்' அவர்கள் காதுக்குள் இருக்கிறது. என் பேத்தி விட்ட பிழை தமிழ்ப்பிழை அல்ல, நோர்வேஜியப்பிழை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

கேள்வியிலும் எதிர்மறையிலும் மட்டும் 'டி' போய்விடும். 'டிட்' என்ற துணைவினை இறந்தகாலத்தைத் தன் தலையில் தூக்கிக்கொள்வதால் 'யூஸ்' வெறுமனே நிற்கும். இது காதுக்குத் தெரியாத வித்தியாசம். எழுத்தில் மட்டும்தான் பிடிபடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிடலாம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதில்தான் அதிகம் விழுவார்கள். 'ஐ யூஸ்ட் ரு' என்பது வேறு, 'ஐ ஆம் யூஸ்ட் ரு' என்பது வேறு. முன்னது முன்பு செய்த வழக்கம். பின்னது ஒன்றுக்குப் பழகிப்போன நிலை. அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும், அல்லது 'இங்' விகுதி சேர்ந்த வினை வரவேண்டும். 'நான் குளிருக்குப் பழகிவிட்டேன்' என்பதற்குப் பின்னதுதான். அந்தச் சின்ன 'ஆம்' விடுபட்டால் வசனம் குலைந்துவிடும். தமிழில் 'பழக்கம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்துவிடுவதால் எமக்கு இந்த வேறுபாடு இயல்பாக வருவதில்லை.

இனி 'வுட்'. பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் இரண்டாவது வழி இது. 'வில்' என்ற எதிர்காலத் துணைவினையின் இறந்தகால வடிவம். எதிர்காலத்துக்குரிய ஒன்று கடந்தகால வழக்கத்துக்கு எப்படி வந்தது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். தமிழரான நாம் அப்படிக் கேட்கத் தேவையில்லை. 'அந்த நாளிலை மாமா ஞாயிற்றுக்கிழமையிலை வருவார், எங்களுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார், பின்னேரம் போயிடுவார்' என்று நாம் சொல்வது முழுவதும் எதிர்காலத்தில்தானே! மாமா இறந்து இருபது வருடமாகியிருக்கலாம். ஆனாலும் 'வருவார்'தான். 'வுட்' என்பது எமது 'வருவார்'. ஆங்கிலத்தில் பழைய நினைவுகளை எழுதுபவர்கள் 'யூஸ்ட் ரு'வை முதல் வசனத்தில் ஒருமுறை போட்டுக் காலத்தை நிறுத்திவிட்டு, பிறகு வரிசையாக 'வுட்' போட்டுக்கொண்டு போவார்கள். நாம் 'அந்த நாளிலை' என்று தொடங்கிவிட்டு 'வருவார், போவார்' என்று போவதும் அதே முறைதான்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு மட்டும்தான் 'வுட்' வரும், நிலைக்கு வராது. கோயிலுக்குப் போவது செயல், அதற்கு 'வுட்' பொருந்தும். கொக்குவிலில் குடியிருந்தது நிலை. அதற்கு 'யூஸ்ட் ரு'தான். வீடு இருந்தது, பெயர் தெரிந்திருந்தது, ஒருவரைப் பிடித்திருந்தது, இவை எல்லாம் நிலை.

யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ் இதே இடத்தில் தன்பாட்டில் ஒரு வேறுபாட்டைச் செய்திருக்கிறது. 'முந்தி நாங்கள் கொக்குவிலிலை இருந்தனாங்கள்'. 'ஒவ்வொரு வெள்ளியும் நல்லூருக்குப் போறனாங்கள்'. முன்னது நிலை, பின்னது செயல். முன்னதில் இறந்தகால எச்சம், பின்னதில் நிகழ்கால எச்சம். தமிழ்நாட்டு நண்பர்களிடம் 'போறனாங்கள்' என்று சொன்னால் முழிப்பார்கள். அவர்களுக்கு 'போவோம்', அல்லது எழுத்தில் 'போவது வழக்கம்', 'போவதுண்டு'. எமக்கோ இது வாயில் தானாக வரும் வடிவம். 'போகின்ற நாங்கள்' என்பதன் திரிபு. போறனான், போறனி, போறவர், போறவ, போறது என்று எல்லா இடத்துக்கும் உண்டு. இலக்கணப்படி பார்த்தால் இது வினையாலணையும் பெயர் போன்றது. அதாவது 'நான் போனேன்' என்று ஒரு செயலைச் சொல்வதில்லை. 'நான் போகிற ஆள்' என்று ஒரு ஆளைச் சொல்கிறது.

ஆளைச் சொல்வதால் அதில் காலம் உறுதியாக இல்லை. 'அம்மா விடிய எழும்புறவ' என்றால் முந்தி எழும்பியவரா, இப்போதும் எழும்புகிறவரா? இரண்டும் இருக்கலாம். 'முந்தி' என்ற சொல் முன்னால் வந்தால் முந்தி. வராவிட்டால் கேட்பவர் ஊகித்துக்கொள்ளவேண்டும். ஊரில் ஊகிக்கச் சிரமமில்லை. கேட்பவருக்கு அம்மாவைத் தெரியும். 'யூஸ்ட் ரு' அப்படி அல்ல. அதைச் சொன்னதுமே, இப்போது இல்லை என்று ஆங்கிலக் காது கேட்டுக்கொள்கிறது. இலக்கணம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, 'இப்போதும்தான்' என்று பின்னால் சேர்த்துத் திருத்தலாம். ஆனால் சேர்க்காவிட்டால் கதை முடிந்ததாகத்தான் பொருள்.

யாழ்தேவியை உதாரணமாக எடுக்கலாம். 1956இல் ஓடத் தொடங்கிய புகையிரதம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில், இங்கே புதிதாக வந்த எங்கள் இளைஞர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது 'யூஸ்ட் ரு'வுக்கு எழுதிப்போட்ட முதல் உதாரணம், யாழ்தேவி முன்பு யாழ்ப்பாணம் போனது என்பதுதான். அப்போது அதில் ஒருவரும் பிழை காணமுடியாது. 2014 ஒக்ரோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. என் உதாரண வசனம் அன்றோடு பழுதாகிவிட்டது. 'யாழ்தேவி யாழ்ப்பாணம் போறது' என்று யாழ்ப்பாணத் தமிழில் எழுதியிருந்தால் 1985இலும் சரி, 1995இலும் சரி, 2015இலும் சரி. இதை மொழியின் பெருமையாகச் சொல்லவில்லை. எல்லாக் காலத்திலும் சரியாக இருக்கும் வசனம், எந்தக் காலத்தைப் பற்றியது என்று சொல்லாத வசனமும்கூட.

அந்தக் குறைபாடு என்ன செய்யும் என்பதை நான் ஒரு மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் தஞ்சம் கோரி வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு நோர்வேஜிய மொழியில் மூன்று வருடப் பழக்கம். எந்த ஊர், யார் என்ற விபரம் வேண்டாம். இருபது வயதுக்குக் கிட்டிய ஒரு பெடியன். விசாரணை அதிகாரி அவனிடம் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார். அவன் சொன்னான்: "ஆமி விடியப்புறம் வரும். எல்லாரையும் சந்திக்குக் கூப்பிட்டு இருத்தும். தலையாட்டி வந்து நிப்பான். ஆர் எண்டு காட்டினால் பிடிச்சுக்கொண்டு போகும்."

நான் அதை எதிர்காலத்தில் மொழிபெயர்த்தேன். வரும், இருத்தும், நிற்பான், கொண்டுபோகும். ஊரில் படித்த பாடநூலில் 'வரும்' என்பதற்கு எதிரே இருந்தது 'வில்'தானே. மேசைக்கு அந்தப் பக்கம் அது, இனி நடக்கும் என்று இவன் பயப்படுகின்ற ஒன்றாக எழுதப்பட்டது. அவன் சொன்னதோ ஒவ்வொரு கிழமையும் தன் கண்முன்னால் நடந்ததை. நடந்தது என்பது சாட்சியம். நடக்கும் என்பது பயம். தஞ்சம் கேட்பவருக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது இருந்தால் காரியம் கெட்டுவிடும்.

கடைசியில் அறிக்கையைத் திருப்பி வாசித்துக் காட்டும்போது நான் அதைத் தமிழில் சொன்னேன். "இனி ஆமி வரலாம் எண்டு நீர் சொல்லியிருக்கிறீர்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "இனி இல்லை அண்ணை. அங்கை வாறது. அதைத்தான் சொன்னனான்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழை என்னுடையது என்று அதிகாரியிடம் சொன்னேன். திருத்தினார்கள். ஆனால் முதலில் எழுதியதை அழிக்கவில்லை. அதன் கீழே, வாசித்துக் காட்டியபோது விண்ணப்பதாரர் தனது கூற்றை மாற்றினார் என்று ஒரு வரி சேர்ந்தது. அவன் எதையும் மாற்றவில்லை. அவனுக்கு என்ன முடிவு வந்தது என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்த்தவனுக்கு முடிவை யாரும் சொல்வதில்லை.

அதன் பிறகு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். 'வரும்', 'வாறது' என்று யாராவது சொன்னால், மொழிபெயர்க்க முன்பு அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, "நடந்ததோ, நடக்கிறதோ, நடக்கும் எண்டு நினைக்கிறீரோ?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒரு வயதான அம்மா, "எல்லாந்தான் தம்பி" என்றார். அதுவும் உண்மைதான்.

தமிழில் இதற்கு வழியே இல்லையா என்று கேட்டால், ஒருகாலத்தில் இருந்தது. 'செய்யும்' என்ற வடிவத்தை மூன்று காலத்துக்கும் பொதுவானவற்றுக்கு ஒதுக்கியது தொல்காப்பியம். மலை நிற்பதும் ஞாயிறு இயங்குவதும் போன்றவை. எமது 'வரும்', 'போகும்' அந்த வழியில் வந்தவை. அதே நூல் இடைச்சொற்களைச் சொல்லும் இடத்தில் 'மன்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் கூறுகிறது. அவற்றில் முதலாவது கழிவு. ஒன்று இருந்தது, இப்போது கழிந்துபோயிற்று என்பது. உரைகாரர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது புறநானூற்றின் 235ஆம் பாட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தான் குடியாமல் எமக்குத் தருவான் என்று வழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. வழக்கத்தைச் சொல்லும் வினையோடு 'மன்' மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறது. அவன் தருவான், ஆனால் இனி இல்லை. 'செய்யும்' என்பதோடு 'மன்' சேர்ந்தால் 'யூஸ்ட் ரு'. அதைவிடக் கிட்டிய பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 'மன்' பேச்சில் எங்குமே மிஞ்சவில்லை. எழுத்துத் தமிழில் 'வழக்கமாக இருந்தது' என்று நீட்டி எழுதுகிறோம், மொழிபெயர்ப்பு வாசனையோடு.

இனி வீட்டுப்பாடத்தின் மற்றப் பாதி, ஒப்பீடு. ஆங்கிலத்தில் சிறிய பெயரடைகளுக்கு 'அர்', 'எஸ்ற்' விகுதி. நீண்டவற்றுக்கு முன்னால் 'மோர்', 'மோஸ்ற்'. 'குட்'டும் 'பாட்'டும் தங்கள் பாட்டுக்கு உருமாறும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. 'மோர் பெற்றர்' பிழை. ஷேக்ஸ்பியர் அப்படி இரட்டித்து எழுதியிருக்கிறார் என்று காட்டி ஊரில் ஒரு மாணவன் என்னோடு வாதாடியது நினைவிருக்கிறது. எழுதியிருக்கிறார்தான், பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணகாரர்கள்தான் அதைப் பிழையென்று ஒதுக்கினார்கள். நோர்வேஜிய மொழியும் ஏறக்குறைய ஆங்கிலத்தின் வழிதான், ஆகவே பேர்கனில் பிள்ளைகளுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் எமக்கு.

ஏனென்றால் தமிழில் பெயரடை மாறாது. 'பெரிது' எப்போதும் 'பெரிது'. ஒப்பீடு முழுவதும் மற்றப் பெயரின்மேல் ஏறுகிறது. பழைய தமிழில் அதற்கு ஐந்தாம் வேற்றுமை இருந்தது. உரைகாரர்கள் அந்த ஒப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்றைப்போல் மற்றது என்பது உவமைப்பொரு, ஒன்றைக் கடந்தது மற்றது என்பது உறழ்பொரு. இன்று நாம் சொல்வது 'அதைவிட', 'அதைக்காட்டிலும்', யாழ்ப்பாணத்தில் 'அதைப் பாக்க'. மூன்றும் வினைச்சொற்கள்: விடுதல், காட்டுதல், பார்த்தல். 'அங்கேயைவிட இங்கே நல்லது' என்றால் சொல்லுக்குச் சொல், அங்கேயை விட்டுவிட, இங்கே நல்லது. ஆங்கிலத்தின் 'தான்' (எமது 'தான்' அல்ல, ஓசை மட்டும் கிட்டத்தட்ட) 'பிறகு' என்ற பொருளுள்ள 'தென்' என்பதிலிருந்து பிரிந்த சொல். இது பெரிது, பிறகு அது.

பெயரடை மாறாதது வெறும் இலக்கண விடயம் அல்ல. 'பெற்றர்' என்ற சொல் நல்லது என்று உறுதி தருவதில்லை. இரண்டு கெட்டவற்றில் ஒன்றும் மற்றதைவிட 'பெற்றர்'ஆக இருக்கலாம். தமிழில் 'அதைவிட இது நல்லது' என்றாலும் கண்டிப்பாகப் பார்த்தால் அவ்வளவுதான் பொருள். ஆனால் வசனத்தில் நிற்கும் சொல் 'நல்லது'. காதில் விழுவது இது நல்லது, அது கெட்டது. எமது சஞ்சிகைகளில் நடந்த சண்டைகளைத் திருப்பி வாசித்தால் இது தெரியும். ஒருவர் ஒரு தரப்பின் கொடுமையை மற்றதோடு ஒப்பிட்டு 'இதைப் பார்க்க அது பரவாயில்லை' என்று எழுதுவார். அடுத்த இதழில் அவர் அதை ஆதரிப்பவர் என்று நான்கு கடிதங்கள் வரும். அவர் ஆதரித்திருக்கலாம், ஆதரிக்காமலும் இருக்கலாம். அந்த வசனத்திலிருந்து அது தெரியாது. 'இரண்டும் கொடுமை, இது கூடிய கொடுமை' என்று எழுதியிருந்தால் கடிதங்கள் வேறு விடயத்துக்கு வந்திருக்கும். ஒப்பிட்டு எழுதுபவர்கள் இந்த ஒரு வசனத்தை மேலதிகமாக எழுதும் சிரமத்தை எடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

'கூட' என்பதிலும் அதேபோல ஒரு சங்கடம். 'இஞ்சை குளிர் கூட' என்றால் மிகக் குளிரா, அங்கேயைவிடக் குளிரா, தாங்கமுடியாத குளிரா? ஆங்கிலத்தில் 'வெரி', 'மோர்', 'ரூ' என்று மூன்று தனிச்சொற்கள். வைத்தியரிடம் 'நோ கூட' என்று சொல்லும் எங்கள் அம்மாமாருக்கு இந்த மூன்றில் எது என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் தீர்மானிக்கிறது.

ஒப்பிடும்போது நிறைபோடும் பொருள்கள் ஓரினமாக இருக்கவேண்டும் என்பது ஆங்கில எழுத்தில் இன்னொரு ஒழுங்கு. 'பேர்கன் மழை யாழ்ப்பாணத்தைவிடக் கூட' என்று நாம் சொல்வோம். அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் மழையையும் ஊரையும் ஒப்பிட்டதாகிவிடும். மழையை மழையோடுதான் ஒப்பிடவேண்டும். பேர்கனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் அதில் அரைவாசி அளவு, அதுவும் பெரும்பாலும் மாரி மாதங்களில். 2006 ஒக்ரோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை இங்கே 85 நாட்கள் ஒரு நாளும் விடாமல் மழை பெய்தது. அந்த நாட்களில் ஒப்பீடுகளுக்குக் குறைவே இருக்கவில்லை.

நோர்வேஜிய மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஒப்பீட்டு வடிவம் சிலவேளை எதனோடும் ஒப்பிடாமல் தனியே நிற்கும். 'எல்ட்ர' என்றால் 'கூடிய வயது'. 'கம்மல்' என்றால் 'வயதான'. ஆனால் 'எல்ட்ர' மனிதர் 'கம்மல்' மனிதரைவிட இளையவர்! வயோதிபர்களுக்கு வரும் அறிவித்தல்களில் எல்லாம் 'எல்ட்ர'தான். யாரைவிட என்று கேட்கக்கூடாது. தமிழில் யாரைவிட என்று சொல்லாமல் மூத்தவராக இருக்க முடியாது. அதை நாம் உறவுமுறைக்குள்ளேயே வைத்துவிட்டோம். பெரியம்மா என்றால் பருமனான அம்மா அல்ல, அம்மாவைவிட மூத்தவர். 'பெரிய' என்ற மாறாத பெயரடை அங்கே ஒப்பீட்டின் வேலையைச் செய்கிறது. அண்ணை, தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாமே ஒப்பீடுகள்தான். என் பேத்தி 'அக்கா' என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஒப்பீட்டு வடிவத்தைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

பழைய வழக்கமும் ஒப்பீடும் ஒரே வசனத்தில் சேரும் இடமும் உண்டு. 'தான் இற் யூஸ்ட் ரு பீ' என்று ஆங்கிலத்தில் முடியும் வசனங்கள். முன்பு இருந்ததைவிட இப்போது கூட, குறைய, நல்லது, கூடாது. ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் 'எப்பிடி இருக்குது?' என்று கேட்டால் வரும் பதில் 'முந்தி மாதிரி இல்லை'. முந்தியைவிட நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா? அந்த வசனம் சொல்லாது. அது உறழ்பொரு அல்ல, உவமைப்பொருவின் எதிர்மறை. ஆங்கிலத்தில் அதற்கு நேரான தொடர், அது முன்பு இருந்ததாக இப்போது இல்லை என்பது, பெரும்பாலும் கெட்டுப்போனது என்ற பொருளில் வரும். 'முந்தி மாதிரி இல்லை' என்பதை அப்படியே மொழிபெயர்த்து, ஊர் பாழாகிவிட்டது என்று ஒரு நோர்வேஜிய நண்பரை நம்பவைத்தவர்களில் நானும் ஒருவன். நான் சொல்ல நினைத்தது, வீதிகளை அகலமாக்கியிருக்கிறார்கள், எனக்கு வழி தெரியவில்லை என்பது.

திரும்பவும் குசினி மேசைக்கு வருகிறேன். 'டி' போட்டால் அம்மா இப்போது நாலு மணிக்கு எழும்புவதில்லை என்றாகிறது. 'டி'யை எடுத்துவிட்டு வெறும் நிகழ்காலத்தில் எழுதினால் இன்றைக்கும் எழும்புகிறார் என்றாகிறது. நான் வெளிக்கிட்டு வந்தது 1986இல். அப்போது அம்மா எழும்புறவ. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். அதன் பிறகு ரெலிபோனில் எத்தனையோ கதைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று நான் கேட்டதில்லை. "எழும்புறவ" என்று இத்தனை வருடம் இந்தப் பிள்ளைக்கும் இவள் தாய்க்கும் சொல்லி வந்திருக்கிறேன், பிழையில்லாமல்.

"பூட்டியிட்டைக் கேப்பமே?" என்றாள். கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். எங்கள் அம்மாமார் அப்படி. வீட்டுப்பாடம் அடுத்த நாள் கொடுத்தால் போதும், நித்திரை கொள்ளாமல் இருக்க அவளுக்கு அன்று ஒரு சாட்டு வேண்டியிருந்தது. மாரியில் எமக்கும் ஊருக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம். மணி அடித்தது. ஏழாவது மணியில் எடுத்தவர் அம்மா அல்ல, அவரைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கச்சி, நித்திரைக் குரலில், "என்ன, ஆருக்கு என்ன?" என்று பதறினாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அம்மா எழும்பிவிட்டாவோ என்று கேட்டேன்.

"ஓம், முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறா" என்றாள் தங்கச்சி. "எழும்பேலாது. ஆனால் நாலு மணிக்கு முழிச்சிடுவா."

பிள்ளை பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இதற்கு எந்த வடிவம் என்று.